ஏரியலைத் தொட்டவர்கள்

1983. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் இரண்டு நாள். காலை 6.10.

மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையில் நின்ற போலீஸ் பிக்கப் வேனின் வயர்லெஸ் வாயே திறக்கவில்லை. டிரைவர் சடையன் மைக்கை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப் போனான். மலைக்கு அந்தப் பக்கம், ஊருக்குள் இருந்த கண்ட்ரோல் ரூமுக்கு ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரவில்லை. வண்டியை ஓட்டி வந்து ஸ்டேஷன் வாசலிலேயே நிறுத்திப் பேசியபோதுதான் கரகரவென்று ஏதோ கேட்டது.

நேற்று மாலை நாலரைக்கு இதே வண்டி, இதே அடி அண்ணாமலையிலிருந்து கணீரென்று பேசியது. வயர்லெஸ் மெக்கானிக் மூர்த்தி மூன்று நாள் மெனக்கெட்டிருந்தான். கூரையில் ஓட்டை போட்டு ஏரியலை நட்டு, கேபிளை உள்கூரைத் துணிக்கு அடியில் இழுத்து வந்து, டாஷ்போர்டுக்குக் கீழே செட்டை முடுக்கியிருந்தான். தீபத்தன்று லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றும்போது, பின்பக்கம் பிள்ளை தொலைந்தாலும் ஆள் மயங்கி விழுந்தாலும் ஊருக்குச் சொல்ல அந்த ஒரு வண்டிதான் இருந்தது.

காலை 7.00.

விஷயம் சப்-இன்ஸ்பெக்டர் கோதண்டராமனிடம் வந்தது. தடயம் பிடிப்பதில் மாவட்டத்திலேயே பேர் எடுத்தவர். உண்டியல் திருடன் ஒருவனை அவன் செருப்புத் தையலை வைத்தே பிடித்திருக்கிறார். அந்தப் பேரின் மேல் அவருக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே ஆசை.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சக்கரங்களில் நேற்றைய பூஜைச் சந்தனம் காய்ந்திருந்தது. முன் கண்ணாடியில் குங்குமப் பொட்டு. மேலே ஏரியலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். கதவுப் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

“ராத்திரி வண்டி எங்க இருந்துச்சு?”

“ஸ்டேஷன் ஷெட்லதாங்க ஐயா. சாவி என் இடுப்புல.” சடையனுக்குக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கம்.

“டெஸ்டு முடிஞ்சப்புறம் வெளியாள் யாராவது வந்தானா?”

“மூர்த்தி திரும்ப வந்தாருங்க. அஞ்சேகால் இருக்கும். சீட்டுக்கு அடியில குறடை விட்டுட்டேன்னாரு.”

“தனியாவா?”

“தனியாதாங்க. கால் மணி நேரம் உள்ள இருந்தாரு.”

“அப்புறம்?”

“ஆறு மணிக்குப் பூஜை போட்டோங்க.”

“பூஜைய விடுய்யா.”

செட்டைக் கழற்றி, ஸ்டேஷன் மாடியிலிருந்த பெரிய ஏரியலில் மாட்டிப் பார்க்கச் சொன்னார். வேலூர் வரைக்கும் கேட்டது. அப்படியானால் கோளாறு செட்டில் இல்லை, கேபிளில்தான் இருக்க வேண்டும். டெஸ்டு முடிந்ததும் புதுக் கேபிளை உருவிக்கொண்டு ஏதோ இற்றுப்போன பழசை மாட்டிவிட்டான் மூர்த்தி. கால் மணி நேரம் போதாதா அதற்கு? கோதண்டராமன் மீசையைத் தடவிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

காலை 8.15. அடி அண்ணாமலை.

மூர்த்தியின் வாடகை வீட்டு வாசலில் துணிக்கொடி கட்டியிருந்தது. கொடியாகத் தொங்கியது கறுப்புக் கேபிள், புத்தம் புதுசு. அதில் அவன் மனைவி பொன்னியின் ஈரப் புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன.

“இது எங்கேர்ந்துடா வந்துச்சு?”

“வெட்டினது போக மிச்சம் சார். குப்பையில போடறதுன்னு...”

“புதுசை சுருட்டிக்கினு பழசை வண்டியில மாட்டிட்ட. திருட்டுப் பயலே!”

தெருவே திரும்பிப் பார்த்தது. கோதண்டராமன் கேபிளைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். புடவைகள் சேற்றில் விழுந்தன. பொன்னி குடத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். தீபம் முடிந்ததும் அவனுக்கு வேலை நிரந்தரம் ஆகும் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள் அவள்.

“ஒரே ஒரு தடவை என்னை வண்டி மேல ஏறிப் பாக்க விடுங்க சார். என்னான்னு சொல்லிடறேன்,” என்று கெஞ்சினான் மூர்த்தி.

“தடயத்தைக் கலைக்கவா? ஏறுடா ஜீப்புல.”

காலை 9.40.

ஷெட்டில் வைத்து வண்டியின் உள்கூரைத் துணியைக் கிழித்தார்கள். உள்ளே ஓடியிருந்தது புதுக் கேபிள். கொடியில் இருந்த அதே ரகம், அதே முத்திரை. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. கோதண்டராமன் அதை இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்தார்.

செட் நன்றாக இருக்கிறது. கேபிளும் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது ஏரியல் ஒன்றுதான். வண்டி மேல் ஏறினார். கூரையோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புத் தகடு. அதன்மேல் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் வளையம். வளையத்தின் நடுவில் ஏரியல் கம்பி. கம்பியும் கூரையும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கத்தான் மூர்த்தி அந்த வளையத்தை வைத்திருக்கிறான். அந்த வளையத்தைத் தாண்டி, கம்பியிலிருந்து போல்ட் வரைக்கும் மெல்லிய கட்டுக்கம்பி ஒன்று இறுக்கமாக ஓடியது. எலுமிச்சம்பழம் கோத்திருந்த அதே கட்டுக்கம்பி.

இறங்கி வந்து பெஞ்சில் இருந்த மூர்த்தியிடம் கேட்டார். “ஏரியல் கம்பியும் கூரையும் இரும்பால தொட்டுக்கிட்டா என்ன ஆகும்?”

“பேச்சு வெளிய போகாது சார். அத்தனையும் கூரையிலயே எறங்கிடும்.” மூர்த்தி தலை நிமிரவில்லை.

“சடையா, அந்தக் கட்டுக்கம்பியை யாருய்யா கட்டினது?”

சடையன் தரையைப் பார்த்தான். “நீங்கதாங்க ஐயா.”

கேட்கவே வேண்டியதில்லை, அவருக்கே ஞாபகம் இருந்தது. நேற்று ஆறு மணிக்குக் கடைத்தெரு ஜனம் கூடி நின்று புது ஏரியலை வாய் பிளந்து பார்த்தது. ஊர்க் கண் பூராவும் அதன்மேல்தான் விழுகிறது என்று, எல்லாரும் பம்பரில் கட்டுவதை அவர் ஏரியலில் கட்டினார். காற்றில் நூல் அறுந்துவிடும் என்று கட்டுக்கம்பி எடுத்தார். பழம் ஆடக் கூடாது என்று மறு முனையைப் போல்ட்டில் சுற்றி, குறடால் முறுக்கினார். வண்டியைத் தொட்டவர்கள் எல்லாரையும் கணக்கில் எடுத்தவர், தன்னை மட்டும் விட்டுவிட்டார்.

காலை 10.30.

“ஆளைப் புடிச்சிட்டேன் சார்,” என்றார் இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கத்திடம்.

“யாருய்யா?”

“நான்தான் சார்.”

நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

“கேபிள் பழுது, மாத்தியாச்சுன்னு எழுதி முடிச்சிடு. அவன் டெம்பரரி ஆளு, எங்கயாவது பொழைச்சிப்பான். இத்தினி வருஷம் எடுத்த பேரை ஒரு எலுமிச்சம்பழத்துக்கு விட்டுடுவியா?”

அந்தப் பேச்சு ஒரு நொடி அவருக்கு இனித்தது. அப்படி இனித்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானமாக இருந்தது. கூசிப் போய், சல்யூட் வைத்துவிட்டு வெளியே வந்தார். தன் கையாலேயே கட்டுக்கம்பியை அவிழ்த்தார். மூர்த்தி செட்டைத் திரும்ப மாட்டினான்.

காலை 11.30. அடி அண்ணாமலை.

வண்டி மூர்த்தி வீட்டு வாசலில் வந்து நின்றபோது பொன்னி புடவைகளை மறுபடி அலசிக்கொண்டிருந்தாள். கோதண்டராமன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிட்டே போனார்.

“தப்பு என்னுதும்மா,” என்றார் தணிந்த குரலில்.

அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். “திருட்டுப் பயலேன்னு சொன்னப்ப தெருவுக்கே கேட்டுச்சிங்களே சார். இத ஏன் எனக்கு மட்டும் சொல்றீங்க?”

அவர் திரும்பித் தெருவைப் பார்த்தார். வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள்.

“டெஸ்ட் பண்ணணும் சார்,” என்று வண்டிக்குள்ளிருந்து மைக்கை நீட்டினான் மூர்த்தி. “கண்ட்ரோல் காத்துக்கினு இருக்காங்க.”

ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னால் போதும், டெஸ்ட் முடிந்துவிடும். ஸ்டேஷனில், இன்ஸ்பெக்டர் அறையில், பந்தோபஸ்துக்கு ஊருக்குள் வந்த வண்டிகள் அத்தனையிலும் இப்போது காது இருக்கிறது. கோதண்டராமன் பொத்தானை அழுத்தினார்.

“கண்ட்ரோல், எஸ்.ஐ. கோதண்டராமன் பேசறேன். வண்டி வயர்லெஸ்ஸைக் கெடுத்தது மெக்கானிக் மூர்த்தி இல்ல. ஏரியல்ல இரும்புக் கம்பியைக் கட்டிக் கெடுத்தது நான். அவரைத் திருடன்னு நான் சொன்னது பொய். ஓவர்.”

பொத்தானை விட்டதும் இரைச்சல் வந்தது. பிறகு கண்ட்ரோல் ரூம் ஆளின் குரல், மலையைத் தாண்டி, பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது.

“நல்லா கேக்குதுங்க சார். ரிஜிஸ்டர்ல எழுதணும். மெதுவா இன்னொரு தடவை சொல்லுங்க, ஓவர்.”

பொன்னி வண்டியோரம் வந்து நின்றாள். கோதண்டராமன் பொத்தானை மறுபடி அழுத்தி, தன் பேரிலிருந்து ஆரம்பித்தார்.