பக்திப் பாடல்கள், முதல் கேசட்

1995, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணி. போத்தனூரில் கதிரேசன் குடியிருந்த மாடி வீட்டில், டிவித் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன.

"டிராக்கிங் சரியில்லையா, அங்கப்பண்ணா?" என்றான் பிரவின்குமார்.

அங்கப்பன் வீடியோ டெக்கின் குமிழைத் திருகினான். கேசட்டை முன்னால் ஓட்டினான், பின்னால் ஓட்டினான். புள்ளிகள்தான்.

கதிரேசன் கேசட்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. புத்தம் புதுசு.

"இது நம்ம கேசட் இல்லீங்க" என்றான்.

அறையில் நான்கு பேர். பம்பு செட் கம்பெனியில் டிராயிங் பிரிவில் வேலை பார்க்கும் கதிரேசன். ஒப்பணக்காரத் தெருவில் கடிகாரக் கடை வைத்திருக்கும் ரசாக். கல்யாண வீடியோ எடுக்கும் அங்கப்பன். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் பிரவின்குமார். அவனுக்கு இருபத்தேழு வயது, ஆவணியில் கல்யாணம், பெண் வீடு தாராபுரம்.

லண்டனிலிருந்த ரசாக்கின் சித்தப்பா மகன் ஐந்து கேசட்டுகளை அனுப்பியிருந்தான். ஆணை நேசித்த ஆணையும் பெண்ணை நேசித்த பெண்ணையும் கேலி செய்யாமல் திரையில் காட்டிய படங்கள், எழுபது வருஷத்துப் படங்களிலிருந்து பொறுக்கியவை. வாரம் ஒன்றாகப் பார்த்துவந்தார்கள். பார்த்து முடித்ததும் 'பக்திப் பாடல்கள்' என்று எழுதிய உறையில் போட்டு, கதிரேசன் தன் அறை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவான்.

காணாமல் போனது முதல் கேசட். ஜெர்மனிக்காரர்கள் எடுத்த ஊமைப் படம். ஒரு வயலின்காரன், அவனை ஊரறியச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டும் ஒருவன், கடைசியில் விஷம். பின்னால் வந்த ஆட்சி அதன் பிரதிகளைத் தேடித் தேடி எரித்தது. தப்பிய துண்டுகளைச் சேர்த்தால் ஒரு மணி நேரம்கூட வராது. அதனால் கேசட்டின் பின்பகுதி காலியாக இருந்தது.

அந்தக் காலி இடத்தில்தான் ஆபத்து இருந்தது. முதல் ஞாயிறு படம் முடிந்ததும் அங்கப்பனைத் தவிர மூன்று பேரும் மனம் விட்டுப் பேசினார்கள். அங்கப்பன் கல்யாணக் கேமராவைத் தூக்கிப் படம் பிடித்தான். கதிரேசன் தன் பெயர், வேலை, யாரிடமும் சொல்லாத விஷயம் எல்லாம் சொன்னான். அடுத்தாற்போல் ரசாக். கடைசியில் பிரவின்குமார். மறுவாரமே ரசாக்குக்குப் பயம் வந்துவிட்டது. கேமராவிலிருந்த மூலத்தை எல்லார் முன்னாலும் அழிக்க வைத்தான். மிஞ்சியது படத்தின் வாலில் ஏற்றிய அந்த ஒரே பிரதி.

"மறுபடியும் பழசு எதுக்கு, அஞ்சாவது படத்தையே பார்க்கலாம்னு அப்பவே சொன்னேனுங்க" என்றான் அங்கப்பன் மெதுவாக. பிரவின்குமாரின் முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

"இனி மிரட்டறவன் வருவான். பாருங்க, வருவான்" என்றான் ரசாக்.

மாலை ஆறு மணிக்கு மெர்சி வந்தாள். கதிரேசனோடு கல்லூரியில் படித்தவள், இப்போது கோவை கோர்ட்டில் வக்கீல். அவன் யாரென்று அறிந்த ஒரே வெளியாள்.

"போலீசுக்குப் போக முடியாதா மெர்சி?"

"போனா மொதல்ல உன்னையத்தான் உள்ள வெப்பாங்க. முன்னூத்தி எழுபத்தேழாவது பிரிவு, ஆணும் ஆணும் சேர்ந்தா ஜெயில். களவு அப்பறம்தான். கடைசியா எப்ப அந்தக் கேசட்டைப் பார்த்தே?"

"போன ஞாயித்துக்கிழமை. நாலாவது படம், அந்த இங்கிலீஷ் வக்கீல் படம், அது முடிஞ்சுது. பிரவீனு முதல் கேசட்டுல நாம பேசினதை இன்னொருக்கா பார்க்கோணும்னான். பாதி ஓடறப்ப, இருட்டற நேரத்துக்குக் கரண்ட் போச்சு."

"அப்பறம்?"

"கீழ் வீட்டம்மா மாரியாத்தா மேல வந்து கதவைத் தட்டிப்போட்டாங்க. தீப்பெட்டி வேணும்னு. எல்லாத்துக்கும் உசுரே போயிருச்சு. நான் வெளிய போய்க் குடுத்துட்டு வந்தேன். உடனே எல்லாரும் கிளம்பிட்டாங்க."

"கேசட்டை யார் எடுத்து வெச்சது?"

"அங்கப்பன் உறையில போட்டுக் குடுத்தாரு. டெக்கு அவருது, வாராவாரம் கொண்டுவந்து கொண்டுபோவாரு. நான் பீரோவுல வெச்சுப் பூட்டினேன்."

"சாவி?"

"ஒண்ணு என் இடுப்புல. பீரோ வீட்டுச் சொந்தக்காரரு, அந்தம்மா புருசன் ஐயாசாமி அண்ணனோடது. அவருகிட்ட இன்னொண்ணு இருக்கும்."

மெர்சி பீரோவைச் சுற்றி வந்தாள். பூட்டில் நெம்பிய தடயம் இல்லை. கைப்பிடிக்குக் கீழே வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். மெழுகு.

"கேசட்டுல மூணு பேரும் எப்படிப் பேசினீங்க? ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா?"

"நானும் ரசாக் பாயும் அப்படித்தான். பிரவீனு சின்னப் பையன், கேமராவையே பார்த்துப் பேசினான். 'எனக்கொருத்தரைப் பிடிக்கும், பேரு சொல்ல மாட்டேன்'னான்."



திங்கட்கிழமை காலை கதிரேசன் படியிறங்கும்போது, வாசல் தெளித்துக்கொண்டிருந்த மாரியாத்தாள் நிமிர்ந்தாள்.

"ஏனுங்க தம்பி, ஞாயித்துக்கிழமையானா மேல என்ன படமுங்க ஓடுது?"

கால் ஒரு படி தவறியது. "சாமி படமுங்க" என்றான். அவள் சிரித்தாள். அது என்ன சிரிப்பு என்று கம்பெனி போய்ச் சேரும்வரை யோசித்தான். சாவி இருக்கும் வீடு. மேலே காது வைத்திருப்பவள். பதினோரு மணிக்கு மேனேஜர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தபோது, கையிலிருந்த ஸ்கேல் கீழே விழுந்தது. இதோ, வந்துவிட்டது. மேனேஜர் ஒரு வால்வு டிராயிங்கைக் காட்டி அளவு கேட்டார். பதில் சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழிட்டு நின்றான். ஆனைமலையில் இருக்கும் அப்பா, தங்கை, தங்கையின் மாமியார் வீடு என்று ஒவ்வொரு முகமாக வந்து போயிற்று. எல்லாரும் அவனை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் மெர்சி அவனையும் கூட்டிக்கொண்டு மற்ற மூவரையும் பார்த்தாள். ரசாக் கடையை அப்போதுதான் பூட்டிக்கொண்டிருந்தான்.

"உங்க மேல யாருக்காச்சும் கோவம்?"

"இல்லீங்க மேடம்."

"கேசட் கிடைச்சா என்ன செய்வீங்க?"

"எங்க பேச்சை அழிப்பேன். படத்தை அழிக்க மாட்டேன். ஒருக்கா எரிச்சது போதுமுங்க." ரசாக்கின் கை பூட்டிலேயே இருந்தது. "எங்க ஊட்டுல என் சம்சாரம் ஆமினா மட்டும்தான் என்னை நம்பறா மேடம். அவளுக்கு இது தெரிய வேண்டாம்."

பிரவின்குமார் கல்லூரிக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தான். டீயைத் தொடவில்லை.

"யார் மேல சந்தேகம்?"

"யார் மேலீங்க சொல்றது? ரசாக் அண்ணன் தங்கமான மனுசரு. கதிரண்ணா சொந்தப் பீரோவுல அவரே எதுக்குங்க களவாடறாரு? அங்கப்பன் எடுக்க மாட்டான்ங்க. அவன் மூஞ்சிதான் அதுல இல்லவே இல்லியே."

"கல்யாண வீடியோ யாரு?"

"அவன்தானுங்க. அப்பாவே புக் பண்ணிப்போட்டாரு." குனிந்துகொண்டான். "நாளைக்கு செவ்வாய்க்கிழமை. ஆனைமலைக்குப் போறேன். மாசாணியம்மன் கோயில்ல மிளகாய் அரைச்சுப்போட்டு வாரேன். எடுத்தவன் உடம்பு எரியட்டும்."

களவு கொடுத்தவர்கள் அங்கே கல்லில் மிளகாய் அரைத்து அம்மன் மேல் பூசுவது வழக்கம். அதைக் கேட்டதும் கதிரேசனுக்கு எடுத்தவன் மேல் இரக்கம்கூட வந்தது.

அங்கப்பனின் ஸ்டுடியோ சுந்தராபுரத்தில். வேலையில் இருந்தான், கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான். வெறும் கேசட்டுகள் எந்நேரமும் பையில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்று தானே சொன்னான்.

"மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைக்கப் போறானாம் பிரவீனு" என்றான் கதிரேசன்.

அங்கப்பன் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தான். "நாளைக்கேவா? வேண்டாம்னு சொல்லுங்கண்ணா. சாமி விசயம்."

வெளியே வந்ததும் மெர்சி கேட்டாள். "போன ஞாயிறு கரண்ட் எப்பத் திரும்பி வந்துச்சு?"

"அவங்கெல்லாம் போய் ரொம்ப நேரம் கழிச்சு. நான் படுக்கற நேரத்துக்கு. எதுக்குக் கேக்கறே?"

"நாளன்னைக்குச் சாயங்காலம் எல்லாரையும் வரச் சொல்லு. டெக்கையும் கொண்டுவரச் சொல்லு."

இரண்டு நாள் கதிரேசனுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே ஜன்னலருகில் போய் நின்றான். மிரட்டல்காரன் வராததே பெரிய மிரட்டலாக இருந்தது.

புதன்கிழமை மாலை. நான்கு பேரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். பிரவின்குமாரின் உள்ளங்கைகள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. மிளகாய் அரைத்த கை.

மெர்சி நின்றபடியே பேசினாள்.

"பீரோவை யாரும் திறக்கலை. ஐயாசாமியும் மாரியாத்தாளும் இதுல இல்லை. கேசட் பீரோவுக்குள்ள போகவே இல்லை."

"நானே வெச்சேனே!" என்றான் கதிரேசன்.

"நீ வெச்சது உறையை. எப்படிப் பூட்டினே? கையில என்ன இருந்துச்சு?"

அவன் யோசித்தான். "மெழுகுவத்தி."

"பீரோக் கைப்பிடியில மெழுகு சொட்டியிருக்கு. அப்படின்னா நீ பூட்டறப்பவும் கரண்ட் வரலை. ஓடிட்டிருந்த கேசட் டெக்குக்குள்ளயே நின்னிருக்கும். கரண்ட் இல்லாம டெக்கு கேசட்டை வெளிய தள்ளாது. வந்தாத்தான் எடுக்க முடியும். அப்ப உறைக்குள்ள போட்டு உன் கையில குடுத்தது எந்தக் கேசட்?"

ரசாக் மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

"நாம எல்லாரும் பயந்தவனைத் தேடினோம்" என்றாள் மெர்சி. "முகம் மாட்டிக்கிட்டவன்தான் எடுத்திருப்பான்னு. அதுல முகமே இல்லாத ஒருத்தரை யோசிக்கலை. அழிக்கறதுக்கு மட்டுமா எடுப்பாங்க? வெச்சுக்கறதுக்கும் எடுப்பாங்க. பிரவின் கேமராவைப் பார்த்துப் பேசினாருன்னு கதிரு சொன்னான். கேமராவுக்குப் பின்னால ஆள் இருந்தாரு. எல்லாரையும் அண்ணன், அவருன்னு சொன்ன பிரவின், ஒருத்தரை மட்டும் எங்கிட்ட 'அவன்'னு சொன்னாரு. வாய் தவறி வந்தது. தன்னைவிட மூத்தவரை நம்ம பக்கம் அப்படிச் சொல்றதில்லை, ரொம்ப நெருக்கமா இருந்தாலொழிய. அங்கப்பன், கேசட்டை எடுங்க."

அங்கப்பன் மறுக்கவில்லை. டெக் கொண்டுவந்த பையின் அடியிலிருந்து துணியில் சுற்றியதை எடுத்துத் தரையில் வைத்தான்.

"அன்னைக்கு எடுக்கோணும்னு வரலீங்க" என்றான். "கரண்ட் போச்சு, உள்ள மாட்டிக்கிச்சு. அந்தம்மா கதவைத் தட்டினதும் எல்லாரும் அங்க பார்த்தீங்க. பையில புதுக் கேசட் இருந்துச்சு. கை போயிருச்சு. ஊட்டுக்குப் போய்த் தனியாப் பார்த்தேன். அப்பறம் திருப்பிக் குடுக்க மனசு வரலை."

"எங்களை இப்படிச் சாக அடிச்சுப்போட்டு, சும்மா பார்த்துட்டு இருந்தியே!" ரசாக் எழுந்துவிட்டான். கதிரேசன் அவன் தோளைப் பிடித்தான். பிடியை விடவில்லை. கோபமா, பயம் இறங்குவதா என்று அவனுக்கே தெரியவில்லை.

"தப்புத்தானுங்க. அடுத்த மாசம் மணவறையில உக்கார வெச்சு இவனை நான்தான் படம் எடுக்கோணும். அதுல ஒருக்காலும் இப்படிப் பார்க்க மாட்டான். இது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு."

பிரவின்குமார் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உம்மேலயா அரைச்சேன்?" என்றான். "ஒரு பெரிய உருண்டை அரைச்சேன். கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த அரைச்சேன்."



ரசாக்தான் பேசினான். "பேச்சை அழிச்சுடலாம். படம் இருக்கட்டும்."

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கேசட்டை டெக்கில் போட்டுப் படம் முடியும் இடத்துக்கு ஓட்டினார்கள். அங்கப்பனே ரெக்கார்டு பொத்தானை அழுத்தினான். அழியும்போது எதுவும் தெரியாது. திரை கறுப்பாகக் கிடந்தது. முதலில் கதிரேசனின் முகம் போய்க்கொண்டிருக்கும். நிம்மதி வரும் என்று காத்திருந்தான். வந்தது. ஆனால் அதோடு, தன்னை யாரோ பிடித்துக் குழிக்குள் தள்ளுவது போலவும் இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை சத்தமாகச் சொன்னது. அப்புறம் ரசாக்கின் பேச்சு. அவன் உதடு அசைந்தது, அந்தக் கறுப்புத் திரையில் தன் வார்த்தைகளைப் பின்தொடர்வது போல.

பிரவின்குமார் எழுந்துபோய், வீங்கிய விரலால் பொத்தானை அழுத்தி நிறுத்தினான்.

"ரசாக் அண்ணன் பேச்சு முடிஞ்சிருக்குமுங்க."

"உன்னோடது இன்னும் இருக்கே, தம்பி" என்றான் ரசாக்.

"இருக்கட்டுங்க."

"யார் கையிலாச்சும் கிடைச்சா?"

"என் மூஞ்சி ஒண்ணுதானே இருக்கு." கேசட்டை வெளியே எடுத்து அங்கப்பன் மடியில் வைத்தான். "கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்ல? எதுக்கு எடுத்தே?"

அங்கப்பன் கேசட்டைத் துணியில் சுற்றினான்.

"தாராபுரம் பஸ் எத்தனை மணி வரைக்குமுங்க இருக்கு?" பிரவின்குமார் கதிரேசனைக் கேட்டான்.

"இந்நேரத்துக்கு எதுக்கு?"

"பொண்ணு ஊட்டுல பேசோணுமுங்க. பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னால. அந்தப் புள்ளையையும் கொண்டுவந்து இதுக்குள்ள பூட்டி வெக்க வேண்டாம்."

"என்னன்னு சொல்லுவே?"

"தெரியலீங்க. பஸ்ல யோசிக்கறேன்."

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விடறேன்" என்று அங்கப்பன் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான். பிரவின்குமார் ஒரு கணம் தயங்கிவிட்டு அவன் பின்னால் படியிறங்கினான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கதிரேசன் ஜன்னலுக்குப் போனான். தாராபுரத்தில் அந்தப் பெண்ணின் அப்பன், அண்ணன்மார், பங்காளிகள், வாசலில் தனியாக நிற்கப்போகும் இந்தப் பையன்.

"மெர்சி," என்றான் சட்டையை மாட்டிக்கொண்டே, "அவனைத் தனியா விடக் கூடாது. அதே பஸ்ல நானும் போறேன்."