கேட்டதற்கெல்லாம் பதில்

அந்தக் குழாயடியின் பெயர் தய்பிக்கு வாயில் வரவில்லை.

பத்தடிக்கு முன்னால்தான் கூட வந்த விருந்தாளியிடம் அதன் முழுக் கதையையும் சொல்லி முடித்திருந்தான். பச்சையும் நீலமுமாக ஓட்டுச் சில்லுகள் பதித்த சுவர், பித்தளைக் குழாய், வாளிகள் உரசி உரசி வழவழத்துப்போன கல்தொட்டி. யார் கட்டியது, யார் வீட்டுப் பெண் அதற்காக நகையை விற்றாள், எந்தக் கோடையில் தண்ணீர் நின்றுபோனது என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவரும் கதை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அதற்குள் இன்னொரு வழிகாட்டி செல்பேசியில் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்டான். இதோ, அந்த... என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டான். திரும்பிப் பார்த்தான். குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதை இதற்கு முன்னால் பார்த்த ஞாபகமே அவனுக்கு இல்லை.

தூக்கமில்லாத கோளாறு என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். ஆறு வயது மகளுக்கு ராத்திரி முழுக்க இருமல்; மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே விடிந்துவிட்டது. மனைவி நஸ்ஹா ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறிக்கப் போய் இரண்டு மாதமாகிறது. வீட்டில் அவனும் பிள்ளையும்தான். பன்னிரண்டு மணிக்குப் பள்ளி விட்டதும் அவளைக் கூட்டி வர அவனை விட்டால் ஆளில்லை. அரை நாள் சுற்று, ஒரே ஆள், பதினொன்றரைக்குள் முடித்துவிடலாம் என்றுதான் இன்றைய வேலைக்கு ஒத்துக்கொண்டான்.

வந்த ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய நகரத்தின் நுழைவாயிலான நீலவாசலில் வந்து நின்றதும் எல்லோரும் செல்பேசியைத் தூக்குவார்கள். இவர் எதையும் தூக்கவில்லை. பை இல்லை, தண்ணீர்ப் புட்டி இல்லை, குடை இல்லை. ஐம்பது வயது இருக்கலாம், முப்பதும் இருக்கலாம். பார்த்துக்கொண்டிருக்கும்வரை அந்த முகம் தெரிந்தது, திரும்பி நடந்தால் மறந்துபோனது. பிரெஞ்சில் தணிந்த குரலில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எனக்கு எதையும் பாக்க வேணாம். நீங்க சொல்லுங்க, அது போதும்."

இப்படி ஒரு விருந்தாளி கிடைத்தால் எந்த வழிகாட்டிக்குக் கசக்கும்? ஃபெஸ் நகரத்து வழிகாட்டிகளுக்கு இரண்டு விஷயங்கள் மானப் பிரச்சினை. விருந்தாளியிடம் தெரியாது என்று சொல்லக் கூடாது. பழைய நகரத்துக்குள் யாரிடமும் வழி கேட்கக் கூடாது. தய்பி இந்த இரண்டையும் ஒருநாளும் செய்ததில்லை, அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பெரிய இறக்கத்தில் இருவரும் இறங்கினார்கள். மேலே கட்டியிருந்த மூங்கில் பந்தல் வழியாகத் தூறல் வடிந்து கல்தரையில் சொட்டியது. ஈரமான கழுதைச் சாணமும், புதினாக் கட்டுகளும், எங்கோ கருகிய ஆட்டுக் கொழுப்பும், தச்சுக்கடைகளின் தேவதாருத் தூளும் ஒன்றாகக் கலந்து மூக்கை அடைத்தன. தகரம் அடிக்கும் சத்தம் ஒரு சந்திலிருந்து வந்து இன்னொரு சந்துக்குள் போய்த் தொலைந்தது. இந்த இரைச்சலுக்கு நடுவிலும் தய்பிக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் சொல்லி முடிக்கும் ஒவ்வொன்றையும் அந்த ஆள் மெதுவாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டார். மனப்பாடம் செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து அவன் பெருமைகூடப் பட்டான். காலடிச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கவில்லை. இவன் கால் விழும்போதுதான் அந்தக் காலும் விழுந்தது.

ஒட்டகத் தலை தொங்கிய இறைச்சிக் கடையைக் காட்டி, இது என் சிநேகிதன் புவஸ்ஸாவின் கடை, பள்ளிக்கு மட்டம்போட்டு இரண்டு பேரும் மாதுளை திருடுவோம், என் பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று ஆடு அறுத்ததும் அவன்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பின்னால் முணுமுணுப்பு கேட்டது. கடைக்குள்ளிருந்து பருத்த ஆள் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து தோளில் தட்டினார். யாரோ கடைக்காரர் என்று நினைத்துத் தய்பி மரியாதையாகத் தலையை ஆட்டினான்.

"என்னப்பா, வெளியூரு ஆளு கூட வந்தா எங்க மூஞ்சி கண்ணுக்குத் தெரியாதோ? நேத்து எங்க வீட்ல மூணு தட்டு வழிச்சுத் தின்னவன்தான நீ?"

தய்பி விழித்தான். கடைக்காரர் சிரிப்பை விட்டுவிட்டு அவனைக் கூர்ந்து பார்த்தார். "சரி, பிள்ளைக்கு இருமல் எப்படி இருக்கு?" என்றார். முன்பின் தெரியாத ஒரு ஆளுக்குத் தன் பிள்ளையின் இருமல் எப்படித் தெரியும் என்று தய்பி மிரண்டான். விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வேகமாக நடந்தான்.

தோல் பதனிடும் இடத்துக்குப் போகும் படிக்கட்டில் அந்த ஆள் நடுங்கினார். விருந்தாளி குளிரில் நடுங்கும்போது பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி? தய்பி தன் வெள்ளை ஜெல்லாபா அங்கியைக் கழற்றி அவர் மேல் போர்த்தினான். நெஞ்சில் குத்திய வழிகாட்டி அட்டையும் அதோடு போயிற்று. தொட்டபோது அந்தத் தோள் நனையவே இல்லை. தூறலில் ஒன்றரை மணி நேரம் நடந்த தோள் அது.

அதன் பிறகு கேள்விகள் ஊரைவிட்டு வீட்டுக்கு வந்தன. கல்யாணமாயிற்றா? ஆயிற்று, நஸ்ஹா, வாய் கொஞ்சம் நீளம், சிரித்தால் தெருவுக்கே கேட்கும். வீடு எந்தச் சந்தில்? சொன்னான். பிள்ளை எங்கே படிக்கிறது? பள்ளியின் பெயரைச் சொன்னான், போகும் வழியையும் திருப்பம் திருப்பமாகச் சொன்னான். பிள்ளையை எப்படி வெளியே விடுவார்கள்? கூட்டிப்போக வந்தவர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அப்போதுதான் காவலாள் கதவைத் திறந்து விடுவார் என்றும் சொன்னான். தன் வாய் தன்னைக் கேட்காமல் போய்க்கொண்டிருப்பது அவனுக்கே தெரிந்தது. பத்தொன்பது வருஷப் பழக்கம். கேட்டால் பதில் வந்துவிடும்.

"மகளுக்கு என்ன பேரு?"

வாயைத் திறந்தான். "பாலக், பாலக்" என்று வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு கோவேறு கழுதைக்காரன் ஒருவன் எரிவாயு உருளைகளோடு சந்துக்குள் நுழைந்தான். இருவரும் சுவரோடு ஒட்டினார்கள். கழுதை அந்த ஆளுக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டது. அடித்தும் நகரவில்லை. கண் வெளுத்து, வாயில் நுரை தள்ளி, முன்னங்கால் மடங்கிக் கல்தரையில் உட்கார்ந்தது. சுமக்கிற மிருகம் சுமையோடு உட்காருவதைத் தய்பி அன்றைக்குத்தான் பார்த்தான்.

அந்தக் களேபரத்தில் சட்டைப் பையில் செல்பேசி அடித்தது. திரையில் ஒரு பெண். தலையில் துணி கட்டி, பிளாஸ்டிக் பந்தலின் கீழே, சிவந்த பழங்கள் நிறைந்த பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவனுக்கு யாரென்று தெரியவில்லை.

"என்ன, போன எடுக்க இவ்ளோ நேரமா? மணி பதினொன்னே முக்கால் ஆச்சு. நம்ம பிள்ளையக் கூப்பிடப் போகலையா நீ?"

நம்ம பிள்ளை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிட்டான். இவள்தான் அவள். அவளைப் பற்றிச் சற்று முன்னால்தான் சொன்னான், சொன்னதும் அவள் போய்விட்டாள். குழாயடி போனது, கடைக்காரர் போனார், வீடு போனது, பள்ளி போனது. சொன்னதெல்லாம் அவனைவிட்டுப் போயிருந்தது. சொல்லாதது ஒன்றுதான் மிச்சம்.

"சி தய்பி," என்று மரியாதை வைத்துக் கூப்பிட்டது, விருந்தாளியாக வந்த அது. பிரெஞ்சில் இல்லை. ஃபெஸ் நகரத்துப் பேச்சு, கொச்சை மாறாமல், அவன் வீட்டு வாசலில் பேசுகிற அதே பேச்சு. "பேரு கேட்டேனே. நீங்க இன்னும் சொல்லல."

பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான்.

முதலில் வந்த சந்தில் திரும்பினான். சந்து சுவரில் முடிந்தது. திரும்பி வந்தான். எல்லாக் கதவும் ஒரே கதவாக இருந்தது. பிறந்து வளர்ந்த ஊர், கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன் என்று அவன் பீற்றிக்கொண்ட ஊர், இப்போது ஒரு மூலைகூட முகம் கொடுக்கவில்லை. மகளின் பெயரை மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினான், உதடு அசையாமல். பின்னால் காலடி கேட்கவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. துரத்த வேண்டிய தேவையே அதற்கு இல்லை. பள்ளிக்கு வழி தெரிந்தது இப்போது அதற்குத்தான்.

ரொட்டிப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு பொது அடுப்புக்குப் போன பெண் ஒருத்தியை மறித்தான். வாழ்க்கையில் முதல்முறையாக வழி கேட்டான். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவள் கேட்டாள். தெரியாது என்றான். அந்தச் சொல்லையும் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னான். மானம் போனதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க கூடப் பொறந்தவரு யாராச்சும் இருக்காரா? அச்சு அசல் உங்கள மாதிரியே ஒருத்தர், வெள்ளை ஜெல்லாபா போட்டுக்கிட்டு, இப்பத்தான் எனக்கு சலாம் சொல்லிட்டு அந்தப் பக்கம் போனாரு."

கை காட்டிய பக்கம் பாய்ந்தான். பள்ளிவாசல்களில் நண்பகல் பாங்கு எழுந்தது. ஒன்று. அடுத்தது. பிறகு நகரம் முழுக்க. செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. எடுக்கவில்லை. ஈரக்கல். வழுக்கல். சுவர். திருப்பம். பிள்ளைகளின் சத்தம். அந்தச் சத்தமும் குறைந்துகொண்டே வந்தது.

பச்சைக் கம்பிக் கதவு.

மற்ற பிள்ளைகள் எல்லாம் போயாயிற்று. உள்முற்றத்தில் ஒரே ஒரு சிறுமி, முதுகில் பையோடு, இருமிக்கொண்டு நின்றாள். கதவுக்கு வெளியே வெள்ளை ஜெல்லாபா நின்றது. அதற்கு இப்போது முகம் இருந்தது. மறந்துபோகிற முகம் அல்ல. காலையில் கண்ணாடி முன் நின்று அவன் மழித்த முகம், தாடையில் பட்ட வெட்டுக்காயம் உட்பட.

"பேரு சொல்லிக் கூப்பிடுங்க சி தய்பி," என்று காவலாள் அதைப் பார்த்துச் சொன்னார். "பிள்ள எவ்ளோ நேரம் நிக்கும்?"

அது கூப்பிடவில்லை. சந்தின் இந்தக் கோடியில் நின்ற தய்பியைப் பார்த்துச் சிரித்தது. காத்திருந்தது. எத்தனை நேரமானாலும் காத்திருக்கக்கூடிய சிரிப்பு.

பேசக் கூடாது. அவன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பேசினால் அவள் போய்விடுவாள்.

சிறுமி ஜெல்லாபாவைப் பார்த்துவிட்டாள். அப்பாவின் ஜெல்லாபா. ஒரு எட்டு வைத்தாள். நின்றாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது போலிருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அது கையை நீட்டியது. காவலாள் இதற்குமேல் என்ன என்று அலுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். இன்னொரு எட்டு. இன்னொன்று. நீட்டிய கைக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு முழம்.

ஓடிப்போய்த் தூக்க முடியாது. அவ்வளவு தூரம். கூப்பிட்டால்தான் நிற்பாள். கூப்பிடாவிட்டால் அந்தக் கைக்குள் போவாள். இரண்டில் எதைச் செய்தாலும் அவளைத் தானே கொடுப்பதாகத்தான் முடியும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் எந்தத் தகப்பனால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க முடியும்?

"ஷாமா!"

சட்டென்று திரும்பினாள். ஜெல்லாபா இல்லாமல், ஒற்றைச் செருப்போடு, நனைந்து நின்றவனைப் பார்த்த மறுகணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகம் முழுக்கச் சிரிப்பாகி அவனை நோக்கி இரண்டு எட்டு ஓடிவந்தாள்.

"ஷாமா," என்றது அது, அவன் குரலில், மெதுவாக, ருசித்து. எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

தூறல் நின்றிருந்தது. சந்தின் கோடியில் ஒரு ஆள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். எதற்காக இவ்வளவு தூரம் ஓடிவந்தோம் என்று யோசித்தான். பிடிபடவில்லை. ஒரு காலில் செருப்பு இல்லை. கன்னம் ஈரமாக இருந்தது, துடைத்தான், மறுபடியும் ஈரமானது. எதிரே ஒரு தகப்பன் தன் மகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனான். பிள்ளை ஏனோ அடம்பிடித்தது. கல்தரையில் காலைத் தேய்த்தது, பிடித்த கையைக் கடித்தது, கழுத்தைத் திருப்பி இவனையே பார்த்து வீறிட்டது.

"பாபா!"

யாரை அப்பா என்று கூப்பிடுகிறது என்று அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். சந்தில் யாருமில்லை.

"பாபா!" என்று இன்னும் தொலைவிலிருந்து கேட்டது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டு, அவன் மறுபடியும் திரும்பிப் பார்த்தான்.