வெளியே அனுப்பிய ஆள்

நடு மத்தியானத்தில், பருப்பு கொதிக்கும் மணத்தையும் மீறி, வெயிலில் காய்ந்த கந்தகம்போல மூக்கைக் கரிக்கும் வெடிமருந்து வாடை வீட்டுக்குள் அடித்தது. பாண்டிச்செல்விக்கு அது புதிதில்லை. பட்டாசு கம்பெனியில் லேபிள் ஒட்டும் புருசன் செல்லச்சாமி தினமும் சட்டையில் கொண்டுவருவதுதான். ஆனால் அது பொழுது சாய்ந்து, கம்பெனி வேன் வந்து நின்ற பிறகு வரவேண்டிய வாடை.

அவள் செல்போனில் தொடர்கதை எழுதுகிறவள். இன்று கடைசி அத்தியாயம். நாலு பக்கமும் கதவுள்ள மருந்து அறை. உள்ளே நாலு பேர், அதற்குமேல் ஆள் ஏறக்கூடாது. தீ பிடித்தாக வேண்டும். யாரைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் கதை முட்டுச்சந்தில் நின்றது. கடைசியில் அந்த நாலு பேரில் ஒருவனான கருத்தப்பாண்டிமேல் இரக்கப்பட்டு, தீப்பொறி விழும் வரிக்கு முந்தின வரியில் அவனை வெளியே அனுப்பினாள். கதவைத் தாண்டி ஓடினான். எங்கே ஓடினான்? அதுதான் பிடிபடவில்லை.

அடுப்படியில் யாரோ செம்பைக் கீழே வைத்தார்கள்.

போன் அடித்தது. செல்லச்சாமி.

"செல்வி, மருந்து அறையில ஒரு ஆளு பாதியில ஓடிட்டானாம். லோடு நிக்குதுன்னு என்னய உக்காரச் சொல்லிட்டாக."

"யாரு ஓடுனது?"

"கருத்தப்பாண்டின்னு யாரோ. நான் பாத்ததே இல்ல. செல்போன கேட்டுல வாச்மேன்கிட்ட குடுத்துட்டு உள்ள போறேன்."

"ஐயோ, போகாதீக!"

திரும்பக் கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது.

அடுப்படிக்கு ஓடினாள். முகமெல்லாம் அலுமினியப் பொடி அப்பிய ஒருவன் சுவரோரம் குத்தவைத்திருந்தான். அவள் எழுதியபடியே இடது கையில் ரெண்டு விரல் இல்லை.

"எங்க போகணும்னு நீங்க எளுதல மதினி. அதான் இங்கன வந்துட்டேன்."

"திரும்பிப் போயிருய்யா. உன் கால்ல விளுறேன். என் வீட்டுக்காரரு உள்ள இருக்காக."

"நான் மாட்டேன். வேற ஆளு பாருங்க."

போனில் அவன் ஓடிய வரியை அழித்தாள். திரும்ப வந்தது. அழித்தாள். வந்தது. அதற்குக் கீழே அவள் எழுதாத ஒரு வரி: நாலாவது ஆளாகச் செல்லச்சாமி உட்கார்ந்தான்.

அந்தப் பெயரை மட்டும் அழித்தாள். அழிந்தது. அந்த இடத்தில் வேறு யார்? பக்கத்து வீட்டு மூக்கம்மாள் பெயர் விரல் நுனிவரை வந்தது. மனசு வரவில்லை.

தன் பெயரை எழுதினாள்.

வாசலில் வேன் நின்றது.

"செல்வி, வேற ஆளு கெடச்சிருச்சாம், அனுப்பிட்டாக! கதவத் தெற!"

திரும்பினாள். அடுப்படியின் நாலு சுவரிலும் நாலு கதவு. நாலும் திறந்தே கிடந்தன. கருத்தப்பாண்டியைக் காணோம். வெளியே வீடில்லை, தெருவில்லை. எழுதாத வெள்ளை. செல்லச்சாமி கதவைத் தட்டுகிற சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியவில்லை.

தரையில் மூன்று பேர் மருந்து சலித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தலை நிமிராமல் நகர்ந்து, இடம் விட்டாள்.