டிக்கியில் கை வைத்தது யார்?

"டிக்கியில யார் கை வெச்சது?"

அப்பா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தையல்கார அக்கா தலையை நீட்டிப் பார்த்தார்.

அப்பா கேட்டது நீலக் காரின் டிக்கியை. அந்தக் காருக்கு அப்பாவைவிட வயது அதிகம். துருப்பிடித்துக் கிடந்ததை அப்பாவும் சித்தப்பாவும் ஐந்து மாதம் பாடுபட்டு ஓட வைத்திருந்தார்கள். வயரிங் வேலை அப்பாவுடையது. பெயிண்ட் வேலை சித்தப்பாவுடையது. நாளைக் காலையில் பழைய கார்களின் ஊர்வலம். முன் சீட்டில் அப்பாவின் பக்கத்தில் உட்காரப் போவது அவர் மகள் பட்டாசு.

பட்டாசுக்கு வயது பத்து. மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது.

இன்று காலையில்தான் வினை வந்தது. பிரேக்கை மிதித்தால் வலது பின்விளக்கு மங்கலாக அழுது வழிந்தது. இண்டிகேட்டரைப் போட்டால் மஞ்சள் விளக்கோடு சேர்ந்து சிவப்பு விளக்கும் கண் சிமிட்டியது. விளக்கு சரியில்லாத வண்டியை ஊர்வலத்தில் சேர்க்க மாட்டார்கள்.

"நேத்து டிக்கிக்குள்ள பட்டாசுதான் உக்காந்திருந்தா" என்றார் சித்தப்பா, யாரும் கேட்காமலே.

"தூசி துடைச்சேன்! நீங்கதானே துடைக்கச் சொன்னீங்க!"

"துடைக்கும்போது வயரை இழுத்திருப்ப" என்றார் அப்பா.

"இழுக்கல!"

"அப்போ விளக்கு தானாவே கெட்டுப் போச்சா? நாளைக்கு நீ வண்டியில ஏற வேண்டாம். வீட்டுலயே இரு!"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு அக்கா ஜன்னலை மெல்லச் சாத்தினார்.

செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கியவர்களுக்குத்தான் தெரியும், அது எப்படிக் காந்தும் என்று. பட்டாசுக்குக் காது சிவந்தது. ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, காருக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்பா பியூஸை மாற்றினார். விளக்கின் அழுகை நிற்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. சித்தப்பா புது பல்பு வாங்கக் கடைக்கு ஓடினார்.

"யாராவது பின்னாடி நின்னு எரியுதான்னு பாத்துச் சொல்லுங்கப்பா!" என்றன கால்கள்.

யாரும் இல்லை. பட்டாசு மட்டும்தான் இருந்தாள்.

"வண்டி பக்கம் வரக்கூடாதுன்னு சொன்னீங்க."

"ஏற வேண்டாம்னுதான் சொன்னேன். பாக்க வேண்டாம்னு சொன்னேனா?"

இந்தப் பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை! பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். அப்பா எழுந்து பிரேக்கை மிதித்தார்.

"இடது நல்லா எரியுது. வலது மங்கல்!" என்று கத்தினாள்.

"இண்டிகேட்டர்?"

"வலதுல எல்லாமே சேர்ந்து மினுக்குது!"

கத்தக் கத்தக் கோபம் ஏறியது. ஆனால் கண் மட்டும் விளக்கைவிட்டு நகரவில்லை. ஒரு பல்பு கெட்டால் ஒரு பல்புதானே எரியாமல் போக வேண்டும்? வலது பக்கத்தில் மட்டும் எல்லா பல்பும் எப்படிச் சேர்ந்து மக்கர் பண்ணும்? எல்லாவற்றுக்கும் பொதுவாக அங்கே என்ன இருக்கிறது?

திறந்திருந்த டிக்கிக்குள் எட்டிப் பார்த்தாள். எல்லா பல்பும் ஒரே தகட்டில் உட்கார்ந்திருந்தன. அந்தத் தகட்டைக் காரின் உடம்போடு ஒரு திருகாணி பிடித்திருந்தது.

அப்பா ஐந்து மாதமாகப் புலம்பும் பாட்டு அவளுக்கு மனப்பாடம். 'பேட்டரியிலேருந்து வயர் வழியா கரண்ட் போகும். திரும்பி வர்றதுக்கு வண்டியோட உடம்புதான் வழி. அதுக்குப் பேருதான் எர்த்து.'

இடது பக்கத் திருகாணியைச் சுற்றி வெறும் இரும்பு தெரிந்தது. வலது பக்கம்? திருகாணிக்குப் பின்னால், தகட்டுக்கு அடியில், பக்கத்தில், எங்கு பார்த்தாலும் நீலம். பளபளக்கும் புது நீலம்.

பட்டாசுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

"அப்பா! ஒரு வயர்த் துண்டு குடுங்க!"

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க!"

அந்தக் குரலுக்கு அப்பா சட்டென்று ஒரு துண்டை நீட்டினார். பட்டாசு வயரின் ஒரு முனையைப் பல்புத் தகட்டில் அழுத்தினாள். மறுமுனையை, பெயிண்ட் படாத பம்பர் திருகாணியில் வைத்தாள்.

"இப்போ மிதிங்க!"

வலது விளக்கு ரத்தச் சிவப்பாக, பளிச்சென்று எரிந்தது.

அப்பா இறங்கி வந்து பார்த்தார். எரியும் விளக்கைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், நீல பெயிண்டைப் பார்த்தார்.

"பெயிண்ட்டுக்குள்ள கரண்ட் எப்படிப்பா திரும்பி வரும்? வழியை அடைச்சாச்சு. அதான் பக்கத்து பல்பு வழியா முட்டி மோதிட்டுப் போகுது" என்றாள் பட்டாசு.

வயரைக் கீழே போட்டாள். திருகாணியைக் கழற்றினாள். உப்புத்தாளை எடுத்துத் தகட்டுக்கு அடியில் பரபரவென்று தேய்த்தாள். அவள் தேய்த்த வேகத்தில் பாதி, அன்றைய கோபம்.

அப்போதுதான் சித்தப்பா பல்புப் பெட்டியோடு உள்ளே வந்தார்.

"ஐயோ, என் பெயிண்ட்! முந்தாநேத்துதான் அந்தத் தகட்டைக் கழட்டி உள்பக்கம் ரெண்டு கோட்டிங் அடிச்சேன்! அப்புறம் நானேதான் திருப்பி மாட்டினேன்! பின்பக்கமும் பளபளன்னு இருக்கட்டும்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அப்பா பார்த்த பார்வை அப்படி.

"யாருமே பாக்காத இடத்துக்கு ரெண்டு கோட்டிங்காடா?" என்றார் அப்பா.

சித்தப்பா அசடு வழிந்தார். பட்டாசு தகட்டைத் திரும்ப மாட்டி, திருகாணியை முடுக்கினாள். அப்பா பிரேக்கை மிதித்தார். வயர்த் துண்டு இல்லாமலே விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"சரி சரி, போனது போகட்டும். நாளைக்கு முன் சீட்டு உனக்குத்தான்" என்று அப்பா அவள் தலையைத் தடவ வந்தார்.

பட்டாசு தலையை நகர்த்திக்கொண்டாள்.

"போகாது. தெருவுக்கே கேக்குற மாதிரி திட்டினீங்க. இப்போ காதுக்குள்ள வந்து சமாதானமா?"

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்தார்.

பிறகு அப்பா வாசலுக்குப் போனார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "விளக்கைக் கெடுத்தது என் மக இல்லை! நான் விசாரிக்காம திட்டிட்டேன்! தப்பு என்னுது!" என்று கத்தினார்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இந்த முறை அக்கா முழுதாகவே திறந்து வைத்தார்.

"அடுத்து நீங்க" என்றாள் பட்டாசு.

சித்தப்பா தயங்கித் தயங்கி வாசலுக்குப் போனார். "வந்து... பெயிண்ட் அடிச்சது நான்தான்" என்று சட்டைப் பைக்குள் சொல்வதுபோல் முணுமுணுத்தார்.

பட்டாசு கார்க் கதவைத் திறந்து, முன் சீட்டில் ஏறி, கைகளைக் கட்டிக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, கேக்கல. இன்னும் கொஞ்சம் சத்தமா!"