ஈரம் காயாத தட்டு

பிரான்ஸின் லிமோஜ் நகரத் தேவாலயத்தில் மூன்றாவது கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது. சனிக்கிழமை கல்யாணம். அந்த ஞாயிறு நண்பகல், மாப்பிள்ளை மிடுக்கோடு ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மார்சியால் வந்து சேர்ந்தான். அவன் கட்டிக்கொள்ளப்போகிற லெயோனார்து, தன் இறந்துபோன கணவன் தீட்டிய பீங்கான் தட்டுகளை வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

அவள் கணவன் ஓரேலியான் பீங்கானில் படம் தீட்டுகிறவன். பிரஷ்யர்களை எதிர்த்துப் போருக்குப் போகுமுன் வரைந்தவை அவை. பீரங்கி, குதிரைப்படை, அணிவகுப்பு. ஒன்றில் தன்னையும் நண்பன் மார்சியாலையும் தோளோடு தோள் சேர்த்து நடக்கவிட்டிருந்தான். போரிலிருந்து திரும்பியவன் மார்சியால் மட்டும்தான். "என் மடியிலதான் உயிர் போச்சு. நான்தான் கண்ண மூடினேன்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே லெயோனார்து அவனைத் தெய்வமாக நினைத்தாள்.

"என்ன, சூப்புல கறியத் தேட வேண்டியிருக்கு? இப்பவே சிக்கனமா?"

"பேசாம சாப்பிடுங்க. சனிக்கிழமைக்கு அப்புறம் இதுவும் கிடைக்காது."

மார்சியால் சிரித்தான். ஊர் வழக்கப்படி, மிச்சமிருந்த சூப்பில் சிவப்பு ஒயினை ஊற்றி, தட்டை இரு கையாலும் தூக்கிக் குடித்தான்.

கீழே வைத்தபோது அவன் முகத்தில் ரத்தமில்லை.

அறையில் வண்ணம் குழைக்கும் டர்பன்டைன் எண்ணெய் வாடை அடித்தது. அந்த வாடையோடு ஆறு வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். தட்டை இழுத்துப் பார்த்தாள்.

நண்பர்கள் தோளோடு தோள் நடந்த தட்டு அது. இப்போது அந்தப் படத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சிப்பாய் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தான். இன்னொருவன் வெறுங்காலோடு பனியில் கிடந்தான், ஒரு கையை நீட்டியபடி.

கிடந்தவன் கண்கள் திறந்திருந்தன.

லெயோனார்து பீங்கான் பட்டறையில் தங்க விளிம்புக்கு மெருகேற்றுகிறவள். சூளையில் சுட்ட வண்ணம் தேய்த்தால் போகாது என்பது அவளுக்குத் தெரியும். கட்டைவிரலால் தேய்த்தாள்.

விரலில் நீலம் ஒட்டியது.

"கண்ண நீங்கதானே மூடினீங்க?"

மார்சியால் மேசைக்கடியில் கால்களை இழுத்துக்கொண்டான். "அவனால நடக்க முடியல. என் பூட்ஸ் பிஞ்சு போச்சு. அவனுது எனக்குச் சரியா இருந்துச்சு..."

"அப்ப உயிரோட இருந்தாரா?"

"கூப்பிட்டுக்கிட்டே இருந்தான்."

ஒன்றரை வருடம் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லி அழுதிருக்கிறாள். கழுத்தறுத்தவனுக்குத் தன் கையாலேயே பரிமாறியிருக்கிறாள்.

"எந்திரிச்சுப் போடா வெளிய."

அவன் போனான். வாடை போகவில்லை. இப்போது இன்னும் நெருக்கத்தில் அடித்தது.

அவள் தட்டில் சூப் பாதி அப்படியே இருந்தது. அதைச் சட்டியில் சாய்த்து ஊற்றினாள்.

அடியில் இதே சமையலறை. இதே மேசை. ஞாயிற்றுக்கிழமை உடையில் அவள். எதிர் நாற்காலியில் ஓரேலியான், வெறுங்காலோடு, அவளையே பார்த்தபடி.

நிமிர்ந்தாள்.

எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்று தேம்பினாள். "சத்தியமா தெரியாது. அவன் சொன்னத நம்பிட்டேன்."

மெல்லத் தட்டைக் குனிந்து பார்த்தாள்.

படத்தில் ஓரேலியான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.