தனுஷா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்

தனுஷா இடது கையால் சோறு தின்றுகொண்டிருந்தாள்.

பச்சமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேத்தியாக இருந்தாலும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் அவர் இல்லை. யூரியா மூட்டை அடுக்கியிருந்த உள்ரூம் கதவை ஒட்டி அவள் நின்றாள். தட்டு பக்கத்து ஸ்டூலில் இருந்தது. வலது உள்ளங்கையை மட்டும் கதவுப் பலகையில் அப்பி வைத்திருந்தாள். திருக்கோவிலூர்க் கல்யாணத்திலிருந்து சாயங்கால பஸ்ஸில் அவள் மட்டும் முன்னால் வந்திருந்தாள். வந்ததும் பையைப் போட்டுவிட்டு நேராக அந்தக் கதவண்டை போனவள்தான்.

"இன்னாடி பழக்கம் இது? உக்காந்து துன்னு."

"கைய எடுக்க முடியல தாத்தா" என்றாள், ஏதோ கால் மரத்துப்போனதைச் சொல்கிற மாதிரி. "ஏன்னு தெரியல. எடுத்தா தப்பாயிடும்னு தோணுது."

அப்போதுதான் அவருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

ஞாயிறு தோறும் அவர் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் ஓர் ஆட்டம் ஆடுவார்கள். எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் மகள் பாயிஸா கதையை நடத்துவாள். தனுஷாவும் அவளோடு படிக்கிற சரத்குமாரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, பகடை உருட்டி, விழுகிற எண்ணுக்குத் தக்கபடி வெட்டுவார்கள், ஓடுவார்கள், தப்பிப்பார்கள். மாதக்கணக்காக ஒரே கதைதான். கல்வராயன் மலைமேல், ரோடு முடிகிற இடத்துக்கும் அப்பால், யாரும் இல்லாத ஒரு பங்களா. போன வாரம் எதில் விட்டோம் என்று ஒவ்வொரு தடவையும் சண்டை வரும். பச்சமுத்து ரேஷன் கடைத் தராசையும் நம்பமாட்டார், டாக்டர் போடுகிற ஊசியையும் நம்பமாட்டார். ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் சரத்குமாரைப் பார்த்து, "அந்தக் கத்திய நீ போன வாரமே வித்துட்டடா, திருட்டுப் பயலே" என்றார். அன்றைக்கே கதையைக் குறித்துவைக்கிற நோட்டு அவர் கைக்கு வந்துவிட்டது.

மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்துக்கு எழுத்து நின்று நின்றுதான் எழுதுவார். ஆனால் நோட்டில் ஏறியதுதான் நடந்தது, அதற்குமேல் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். கதையில் வருகிற வேஷப் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. அதனால் பிள்ளைகளின் சொந்தப் பெயரையே எழுதினார்.

ஒருத்தர் வராத வாரத்தில் அவருடைய ஆளை எங்காவது காவலுக்கு நிறுத்திவிட்டுக் கதையை நகர்த்துவது அவர்கள் வழக்கம். போன ஞாயிறு தனுஷா கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். பங்களாவில் இருந்த ஒன்றை அன்றைக்கு ஓர் அறைக்குள் தள்ளி அடைத்திருந்தார்கள். கதவை யார் பிடிப்பது என்று பேச்சு வந்தபோது, வராதவள் தலையில் கட்டு என்று சரத்குமார் சிரித்தான். பச்சமுத்து எழுதினார்: தனுஷா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விட்டால் அது வெளியே வரும்.

ஆட்டம் ஆட்டம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய், அவள் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

கை ஒரு விரல்கடை விலகியது. கதவின் வெளித் தாழ்ப்பாள், யாரும் தொடாமல், கிறீச்சென்று நகர்ந்தது. இடுக்கு வழியே ஒரு நாற்றம் வந்தது. யூரியா நெடி இல்லை. நனைந்த முடியை நெருப்பில் போட்ட நாற்றம், அதற்கு அடியில் மலைக்காட்டுச் சகதியின் குளிர்ச்சி. பாயிஸா அன்றைக்கு வாயால் சொன்ன அதே நாற்றம். தனுஷா அலறவில்லை. கையைத் திரும்ப அப்பினாள். தாழ்ப்பாள் நின்றது.

தெருப்பக்கம் போய் பாயிஸாவைக் கூப்பிட்டார். அவள் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. கூடத்தில் பாதி இருட்டு. பலகையின் அந்தப் பக்கம் ஏதோ ஒன்று மூட்டைமேல் உட்கார்ந்து எழுந்திருக்கும் சத்தம், ஈரத் துணியைத் தரையில் இழுப்பதுபோல.

"நீங்க எழுதுனதுதான தாத்தா" என்றாள் பாயிஸா. "அடிச்சிட்டு வேற எழுதுங்க."

கதவுக்குப் பக்கத்திலேயே குந்தி, நோட்டைப் பிரித்து, அந்த வரியை அடித்தார். அடித்த அந்த நொடியே பேத்தியின் கை துவண்டது. கதவு வீங்கியது. தாழ்ப்பாள் நகர ஆரம்பித்தது. அது செத்துப்போச்சு என்று எழுதலாம். ஆனால் அதைக் கொன்றது யார்? நடக்காததை அவர் எழுதியதே இல்லை. பேனா அதற்கு நகரவில்லை.

தன் பெயரை எழுதினார். ப. ச். தாழ்ப்பாள் பாதி. ச. மு. இடுக்கில் ஏதோ வெளுப்பாக. த்து. கதவைப். வேகமாக எழுத வரவில்லை. வாழ்நாளில் வந்ததில்லை. பிடித்துக்கொண்டு. நிற்கிறான்.

முடித்ததும் பேனா விழுந்தது. வலது கை அவரைக் கேட்காமல் போய்ப் பலகையில் ஒட்டியது. தனுஷா தன் கையை உதறி உதறிப் பார்த்தாள்.

"தாத்தா, நீங்களும் வாங்க."

"போடி. பாயிஸா, இவள உன் வூட்டுக்கு இட்டுகினு போ. நான் பாத்துக்கினு வரேன்."

ஓடினார்கள். ஓட்டத்தில் யாரோ காலால் நோட்டைத் தள்ளிவிட்டார்கள். அது கதவடியில், எலி புகுந்து புறப்படுகிற இடுக்கருகே போய்க் கிடந்தது. பேனாவும் உருண்டு அங்கேயே போனது. குந்திய நிலையில் இடது கையை நீட்டினார். விரல் நுனி அட்டையில் பட்டது.

நோட்டு நகர்ந்தது.

மெதுவாக, உள்ளேயிருந்து யாரோ பதனமாக இழுப்பதுபோல, இடுக்கில் நுழைந்து மறைந்தது. அப்புறம் பேனா.

அந்தப் பக்கத்துத் தள்ளல் நின்றுபோனது. தாள் புரளும் சத்தம். பிறகு கீறல். எழுத்துக்கு எழுத்து நின்று. மூச்சு வாங்கி. அவர் எழுதுகிற அதே வேகம்.

காதைப் பலகையில் வைத்தார்.

கீறல் நின்றது. உள்ளே ஒரு வரி எழுதி முடிந்துவிட்டது.

தெருவில் பாயிஸா தனுஷாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. திரும்பத் திரும்ப. படியில் வெறுங்கால் ஓசை. தனுஷா கூடத்துக்குள் வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் மண்டியிட்டாள்.

"வேணாம் கண்ணு" என்றார். "போயிடு."

பலகையில் ஒட்டியிருந்த அவர் கையை அவள் பொறுமையாகப் பிரித்தெடுக்க ஆரம்பித்தாள். முதலில் கட்டைவிரல். அப்புறம் ஆள்காட்டி. வலிக்காமல், ஒவ்வொன்றாக. கடைசியாகச் சுண்டுவிரல்.