தனியாக வரச் சொன்ன மெயில்

நல்லதம்பியின் பிணம் ஏலக்காய் ஸ்டோர் வாசலில் குப்புறக் கிடந்தது.

காவலுக்கு இருந்த மனுஷன். பின்மண்டையில் அடி. உள்ளே ஒரு மூட்டைகூட மிச்சமில்லை.

முதலில் பார்த்தவள் வேலுத்தாய். கேரளத்துச் சக்குபள்ளத்தில் இருபது வருஷமாகக் காய் எடுப்பவள்.

சற்று முன்தான் ஒரு ஜீப் அவளை உரசிக்கொண்டு பாய்ந்து போயிருந்தது. நம்பரைப் படித்துவிட்டாள். நாற்பத்தைந்து வயதில் எழுத்து கற்றவள்... கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பாள்.

ஆனால் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அங்கே மலையாளத்தில் மடக்கி மடக்கிக் கேட்பார்கள். நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மனசும் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் நாள், ஃபேஸ்புக்கில் யாரோ போட்டிருந்த நல்லதம்பி படத்துக்குக் கீழே எழுதினாள்.

'ஜீப் நம்பர் எனக்குத் தெரியும். போலீஸ்காரங்க இந்த மெயிலுக்கு எழுதவும். வேலுத்தாய்.'

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துச் சுவரில் கரியால் எழுதியிருந்த மெயில் முகவரியைப் பார்த்து, எழுத்தெழுத்தாக அடித்தாள்.

ஊரே பார்க்கிற இடம்.

கொன்றவனும் பார்த்தான்...

மறுநாள் பதில் வந்தது.

'நான் தமிழ் தெரிந்த இன்ஸ்பெக்டர் அருள்குமார். நாளை காலை பத்து மணிக்குப் பூட்டிக் கிடக்கும் பழைய ஸ்டோருக்குத் தனியாக வரவும். யாரிடமும் சொல்லக் கூடாது.'

தமிழ் தெரிந்த இன்ஸ்பெக்டர். அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

போனாள்.

பத்து மணிக்கும் மஞ்சு மூட்டம் விலகவில்லை. பழைய ஸ்டோரின் பூட்டு உடைந்து தொங்கியது. உள்ளே பேன்ட் சட்டையில் ஒருவன்.

"யாருகிட்டயும் சொல்லலையே?"

"வீட்டுக்காரர்ட்டகூட சொல்லல சார்."

"நம்பர் என்ன?"

"நாலு, ஏழு, ஒண்ணு, ரெண்டு."

"எழுதி வச்சிருக்கியா?"

"மண்டைக்குள்ளதான் சார்."

"மண்டைக்குள்ளயா... அப்ப சுலபம்."

கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

ஜன்னலுக்கு வெளியே மஞ்சு லேசாகக் கலைந்தது. பலாமரத்தடியில் ஒரு ஜீப்.

நாலு... ஏழு... ஒண்ணு... ரெண்டு.

"சார், அந்த ஜீப்பு..."

"நல்லாத்தான் படிக்க." அவன் கையில் இரும்புக் கம்பி ஏறியிருந்தது. "நல்லதம்பிக்கும் இதே கண்ணுதான்."

வேலுத்தாய் பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர் இடித்தது. கத்த வாய் திறந்தாள்.

கம்பி உயர்ந்தது.

டக்... டக்.

"ஏட்டி வேலு, உள்ள சாரு தனியாத்தான் இருக்காகளா?"

பக்கத்து வீட்டு மூக்கம்மாள்!

கம்பி அந்தரத்தில் நின்றது. ஒரே உதையில் தாழ் பெயர்ந்து கதவு விழுந்தது. வாக்கத்தியோடு மூக்கம்மாள். அவளுக்குப் பின்னால் லயமே திரண்டு நின்றது. எல்லாருக்கும் முன்னால் பாய்ந்து வந்து அவன் கையை முறுக்கியவர் நிஜ எஸ்.ஐ.

"யாருகிட்டயும் சொல்லலன்னாளே..." அவன் முனகினான்.

"அவ சொல்லல. நீதாம்ல சொன்ன," என்றாள் மூக்கம்மாள். "அது லயத்து மெயிலு. பதினோரு வீட்டுக்கும் சேத்து ஒண்ணுதான். எல்லாரு போன்லயும் டிங்குன்னு வந்து விழுந்துச்சு. ஸ்டேஷன்ல கேட்டா, அருள்குமார்னு ஒரு ஆளே கிடையாதாம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லக்கா?" வேலுத்தாய் அவள் தோளைப் பிடித்தாள்.

"சொன்னா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திரும்ட்டி."

எஸ்.ஐ. வேலுத்தாய் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "சேச்சி, இனி மெயில் ஐடியை அப்படிப் பப்ளிக்கா போடாதீங்க. யார் எழுதுறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. யார் கண்ணுல படுதுன்னும் தெரியாது."

"சுவத்துல இருக்கதயும் அழிச்சிருதேன் சார்."

இழுத்துப் போகும்போது அவன் கூட்டத்தைப் பார்த்து முறைத்தான்.

மூக்கம்மாள் வாக்கத்தியை இடுப்பில் செருகினாள்.

"தனியா வான்னு பதினோரு வீட்டுக்கும் எழுதிப் போட்டுட்டு, கூட்டமா வந்துட்டோம்னு முறைக்கான் பாரு."